எஞ்சிய நூலில் ஒரு போர்வை

பித்தளை வேலைக்குப் பேர்போன ஊர் பிலிமத்தலாவை. பித்தளைத் தொழிலாளி உடைந்த விளக்கையும் ஓட்டைக் குடத்தையும் வீசிவிடுவதில்லை. உருக்கிப் புதிய பாத்திரம் வார்ப்பார். கம்பளி நூலும் அத்தகையதே. பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சுவெற்றர், பின்னி மிஞ்சிய நூலுருண்டை, நிவாரணப் பொதியில் வந்த கிழிந்த சால்வை ஆகிய எல்லாவற்றிலும் இன்னொரு பொருள் அடங்கியிருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் பல விவசாயக் குடும்பங்களை வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறச் செய்தன. மார்கழி, தை மாதங்களில் இப்பகுதியின் இரவுகள் குளிரானவை. சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு போர்வை பெரிய ஆறுதல். அதனை நாமே செய்துகொள்ளும் வழியை இங்கு விளக்குகிறோம்.

ஏன் குரோஷே?

இதற்கு வேண்டியது ஒரு கொக்கி ஊசி மாத்திரமே. இயந்திரமும் மின்சாரமும் வேண்டியதில்லை. போர்வை முழுவதையும் மடியில் வைத்துப் பின்னவேண்டியதுமில்லை. சிறு சிறு சதுரங்களாகப் பின்னி, இறுதியில் இணைத்தால் போதும். அடுப்பில் சோறு வேகும் நேரத்திலும், அலுவலகத்தில் வரிசையில் காத்திருக்கும் நேரத்திலும் வேலை நகரும். மீண்டும் இடம் மாற நேர்ந்தாலும் முடிந்த சதுரங்கள் ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

நிலமிழந்த விவசாயிகளுக்கு இப்பின்னல் புதிதன்று. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதேயளவு மக்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். அக்காலத்தில் கோர்க் நகரின் உர்சுலைன் கன்னியர் பெண்களுக்குக் குரோஷே கற்பித்தனர். குளோன்ஸ் என்ற ஊரில் 1847இல் குருவானவர் ஒருவரின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் இப்பயிற்சியை ஆரம்பித்தார். பயிர் அழிந்த வீடுகளில் பின்னலை விற்ற பணமே உணவாயிற்று. நாம் இங்கு கூறும் சதுரத்தின் செய்முறையும் 1885இல் அமெரிக்காவில் விவசாயிகளுக்கான ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்ற சஞ்சிகையில் வெளிவந்ததாகும்.

நூலைச் சேர்த்தல்

பழைய சுவெற்றரின் பக்கத் தையலைப் பாருங்கள். ஓரம் வெட்டப்பட்டு இயந்திரத்தால் தைக்கப்பட்டிருந்தால் அதிலிருந்து துண்டு நூலே வரும், அதனை விட்டுவிடுங்கள். வெட்டப்படாத ஓரமுள்ளதையே பிரிக்கலாம். பிரித்த நூலைக் கதிரையின் முதுகில் சுற்றி, நான்கிடத்தில் தளர்வாகக் கட்டி, குளிர்ந்த நீரில் அலசி, கீழே சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவையுங்கள். சுருக்கம் நீங்கிவிடும். ஒரே தடிப்புள்ள நூல்களை ஒன்றாகச் சேருங்கள். மெல்லிய நூலாயின் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பின்னலாம்.

சதுரம் பின்னும் முறை

4 மில்லிமீற்றர் கொக்கி ஊசி போதுமானது. இதில் வரும் முக்கிய பின்னலை ‘நெடும்பின்னல்’ என்போம். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, துளைக்குள் செலுத்தி, நூலை இழுத்தெடுங்கள். ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும். நூலைச் சுற்றி இரண்டு வளையங்களூடாக இழுங்கள். மீண்டும் சுற்றி மீதி இரண்டினூடாகவும் இழுங்கள்.

1. நான்கு சங்கிலி பின்னி, முதற் சங்கிலியுடன் இணைத்து வட்டமாக்குங்கள்.

2. முதற் சுற்று: மூன்று சங்கிலி (இது ஒரு நெடும்பின்னலுக்குச் சமன்), வட்டத்தினுள் இரண்டு நெடும்பின்னல், இரண்டு சங்கிலி. பின்னர் மூன்று நெடும்பின்னலும் இரண்டு சங்கிலியுமாக இன்னும் மூன்று முறை. இணைத்து முடியுங்கள். இரண்டு சங்கிலியுள்ள நான்கு இடங்களும் நான்கு மூலைகள்.

3. இரண்டாம் சுற்று: வேறு நிற நூலை ஒரு மூலையில் தொடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் மூன்று நெடும்பின்னல், இரண்டு சங்கிலி, மூன்று நெடும்பின்னல். மூலைக்கு மூலை இடையில் ஒரு சங்கிலி.

4. அடுத்த சுற்றுகள்: மூலைகளில் அதே முறை. பக்கத்து இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று நெடும்பின்னல், இடையிடையே ஒரு சங்கிலி.

ஐந்து சுற்றில் ஏறத்தாழ 5 அங்குலச் சதுரம் கிடைக்கும். முதற் சதுரத்தைப் பழகுவதற்கெனப் பின்னி, பிறகு பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை முழம் நூல் சென்றதென அளந்து குறித்து வையுங்கள். துண்டு நூல் எந்தச் சுற்றுக்குப் போதும் என்பது அதன்பின் தெரிந்துவிடும். கடைசிச் சுற்றுக்கும் இணைப்பதற்கும், கூடுதலாக உள்ள ஒரு நிறத்தை ஒதுக்கிவையுங்கள். பல நிறமும் ஒரு போர்வையாகச் சேர்வது அதனாலேயே.

அகலத்துக்கு 8, நீளத்துக்கு 12 என 96 சதுரங்களை இணைத்தால் 40 அங்குல அகலமும் 60 அங்குல நீளமுமுள்ள போர்வை கிடைக்கும். நாளுக்கொன்றாக ஒருவர் பின்னினால் மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடும். மூவர் சேர்ந்தால் 32 நாட்கள். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீற்றர் போர்வையால் கின்னஸ் சாதனை படைத்ததும் பல கைகள் பின்னிய துண்டுகளை இணைத்தே.

கவனிக்க வேண்டியவை

• நூல் முனைகளை 4 அங்குலம் விட்டு வெட்டி, பின்னலுக்குள் ஓட்டிவிடுங்கள். வெறும் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

• அக்ரிலிக் நூல் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும். குப்பி விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் வைக்க வேண்டாம்.

• உண்மைக் கம்பளி வெந்நீரில் சுருங்கும். குளிர்ந்த நீரில் கழுவி, விரித்து உலர்த்துங்கள்.

• ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தூக்கத்தில் இதனால் மூட வேண்டாம். முகத்தை மறைக்கலாம், துளைகளில் விரலும் சிக்கலாம்.

விற்பதா, வைத்திருப்பதா?

ஆந்திரத்தின் நரசாபூரில் பல்லாயிரம் பெண்கள் வீட்டிலிருந்து குரோஷே பின்னுகிறார்கள். மரியா மீஸ் என்ற ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட நூலில், பின்னியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம், இலாபம் வியாபாரிகளுக்கே சென்றது என எடுத்துக்காட்டினார். வீட்டில் ஓய்வாக இருந்து செய்வதுதானே என்று அவர்களது உழைப்பு வேலையாகவே எண்ணப்படவில்லை. ஆகவே முதற் போர்வை எமது பிள்ளைகளுக்காகட்டும். பின்னர் விற்க விரும்பினால், சென்ற மணித்தியாலங்களை எழுதிவைத்து, அயலவர் கூடி விலையைத் தீர்மானியுங்கள். நூல் எஞ்சியதாக இருக்கலாம். எமது உழைப்பு அப்படியானதன்று.