பாஸ்தா சாஸ் ஏன் திரிகிறது?

ரோம் நகரத்து உணவகங்களில் 'காச்சோ எ பெப்பே' என்றொரு பாஸ்தா பரிமாறுவார்கள். சீஸ், மிளகு, பாஸ்தா. வேறு எதுவும் வேண்டாம். க்ரீம் ஒரு சொட்டும் கிடையாது. இருந்தும் சாஸ் வழவழவென்று பாஸ்தாவின் மேல் பூசினாற்போல் படிந்திருக்கும். வீட்டில் செய்து பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது, ஒருபுறம் வெறும் தண்ணீர், மறுபுறம் இழுபடும் சீஸ் கட்டி. 'கைப்பக்குவம் வரவில்லை' என்று மனம் தளர வேண்டாம். கோளாறு கையில் இல்லை, வேதியியலில் இருக்கிறது.

இதற்குப் பயன்படும் சீஸின் பெயர் பெக்கோரினோ ரொமானோ. செம்மறியாட்டுப் பாலில் செய்து, குறைந்தது 5 மாதம் முதிரவிட்டது. பெயரில் ரோம் இருந்தாலும் பெரும்பகுதி சார்டீனியா தீவில்தான் தயாராகிறது. அதில் புரதமும் கொழுப்பும் செறிவாக இருக்கின்றன. வெப்பம் சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது புரதங்கள் மடிப்புக் குலைந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரளத் தொடங்குகின்றன. இடையில் இருந்த நீரும் கொழுப்பும் பிதுங்கி வெளியேறுகின்றன. கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாஸ்தாவில் சீஸைத் துருவிக் கொட்டினால் நடப்பது இதுதான்.

தடுப்பது மாவுச்சத்து. அதனால்தான் இத்தாலியர்கள் பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுவதில்லை. நம் வடிகஞ்சியைப் போல அதிலும் மாவுச்சத்து இறங்கியிருக்கிறது. அது புரதங்களுக்கு இடையே புகுந்து, அவை திரளவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தாராளமாகத் தண்ணீர் வைத்து வேகவிட்டால் மிகவும் நீர்த்துப்போய்விடும்.

இந்தக் கேள்வியை இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனார்கள். சீஸ், நீர், மாவுச்சத்துக் கலவையைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் கட்டிகளைப் படமெடுத்து அளந்தார்கள். 2025-இல் 'ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்' இதழில் முடிவு வெளியானது. மாவுச்சத்து, சீஸின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் சாஸ் பெரிய கட்டிகளாகத் திரிகிறது. அந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'மொஸரெல்லா நிலை'. 2 முதல் 3 சதவீதம் வரை இருந்தால் சூடு ஏறினாலும் கலையாது. 4 சதவீதத்தைத் தாண்டினால் ஆறியதும் இறுகிவிடுகிறது. அதே ஆண்டு இவர்களுக்கு இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்கான பரிசுதானே என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரே கலவை இரு வேறு நிலைகளாகப் பிரியும் இந்த நிகழ்வு நம் உயிரணுக்களுக்குள்ளும் நடக்கிறது. அடுப்படியில் அதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம்.

அவர்கள் சொல்லும் முறை எளிது. பசியோடிருக்கும் இருவருக்கு 300 கிராம் பாஸ்தா, 200 கிராம் சீஸ். 5 கிராம் சோள மாவையோ உருளைக்கிழங்கு மாவையோ 50 கிராம் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிப் பதத்தில் கெட்டியாகும்வரை காய்ச்ச வேண்டும். மேலும் 100 கிராம் தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, துருவிய சீஸைச் சேர்த்து மிக்ஸியில் அடித்தால் சாஸ் தயார். அதன் பிறகுதான் மெல்லச் சூடாக்க வேண்டும்.

க்ரீம் ஊற்றினால் இந்தப் பாடே இல்லை, உண்மைதான். ஆனால் செம்மறிப் பாலின் உறைப்பும் உப்பும் மழுங்கிவிடும். மிளகின் காரமும் அடங்கிப்போகும். அந்த மிளகு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே முசிறித் துறைமுகத்தில் கப்பலேறி ரோமுக்குப் போன சரக்கு. மிளகுக்கென்றே தனிக் கிடங்கு கட்டிவைத்த நகரம் ரோம். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேருங்கள். வடித்த பாஸ்தாவை ஒரு நிமிடம் ஆறவிட்டுச் சாஸில் புரட்டுங்கள். கெட்டியாகத் தெரிந்தால், எடுத்துவைத்த பாஸ்தா தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிக் கிளறினால் போதும்.