பெருமுக்கல்லைப் பற்றி ஏஐயிடம் கேட்பது எப்படி?

“பெருமுக்கல் மலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுது.”

மாணவர்கள் சாட்ஜிபிடியிடம் இப்படிக் கேட்டு, வந்ததை அப்படியே நோட்டில் எழுதி வருகிறார்கள் என்று அந்த மலை இருக்கும் திண்டிவனம் பக்கத்து ஆசிரியை ஒருவர் கடிதம் போட்டிருந்தார். ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று தொடங்கும் அந்தப் பக்கங்களில் பெயரை மட்டும் மாற்றினால் செஞ்சிக்கும் பொருந்தும், திருவண்ணாமலைக்கும் பொருந்தும். உருப்படியான பதில் வர எப்படிக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

ஏஐ உரையாடிகள் படித்துக் குவித்த பக்கங்களின் பழக்கத்தில், அடுத்து என்ன சொல் வரும் என்று கணித்துக் கணித்தே எழுதுகின்றன. தாஜ்மகாலைப் பற்றி அவை படித்தது ஏராளம். பெருமுக்கல்லைப் பற்றித் தமிழில் இணையத்தில் இருப்பதோ சொற்பம். முக்தியாலீஸ்வரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், வரலாற்றுக்கு முந்தைய பாறைக் கீறல்கள், 1760இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை என்று இத்தனையும் உள்ள மலையை எழுதி வைக்காமல் விட்டது நம் தவறு. அதனால் சின்ன ஊரைப் பற்றிக் கேட்பவர், சரக்கையும் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. ப்ராம்ப்ட், அதாவது ஏஐக்குக் கொடுக்கும் கட்டளை, எழுதுவதில் பாதி வேலை இதுதான்.

ஆசிரியையின் மாணவர்கள் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: “பள்ளிக் கண்காட்சிப் பலகைக்காகப் பெருமுக்கல் மலையைப் பற்றி 120 சொற்களில் எழுது. படிக்கப்போவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். கீழே உள்ள குறிப்புகளை மட்டும் பயன்படுத்து. குறிப்பில் இல்லாத ஆண்டு, மன்னர் பெயர் எதையும் சேர்க்காதே. தகவல் போதாத இடத்தில் ‘விசாரிக்க வேண்டும்’ என்று போடு.” அதன் கீழே, மலையேறிப் பார்த்து எழுதிய குறிப்புகள். ‘விசாரிக்க வேண்டும்’ என்ற அந்தக் கடைசிக் கட்டளை முக்கியமானது. தெரியாது என்று சொல்ல வழி திறந்துவிட்டால் கற்பனை குறையும், அறவே நின்றுவிடாது.

நடை பிடிக்கவில்லையென்றால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பிடித்த நடையில் ஒரு பத்தியை மாதிரிக்குக் கொடுத்துவிடலாம். தையல்காரரிடம் வாயால் அளவு சொல்வதைவிட அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவது நல்லது அல்லவா? சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 வெளியான 2020ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரையே, சில மாதிரிகளைக் காட்டினால் அது வேலையைப் பிடித்துக்கொள்கிறது என்பதைத்தான் தலைப்பாகக் கொண்டிருந்தது.

இந்த உரையாடிகளிடம் உள்ள விசித்திரமான குணம் வேறொன்று. கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அனுமானத்தை அவை பல நேரம் அப்படியே ஏற்றுக்கொள்ளும். ‘இந்தக் கோட்டையைக் கட்டிய பல்லவ மன்னன் யார்?’ என்று கேட்டால், பல்லவர் கட்டினாரா என்று திருப்பிக் கேட்காமல் ஒரு பல்லவப் பெயரை எடுத்து நீட்டக்கூடும். ‘இந்தக் கோட்டையைக் கட்டியது யார் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது?’ என்று கேட்பதே சரி. நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இந்தக் குணம் வழக்கறிஞர்களையே கவிழ்த்தது. சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று உண்மையான வழக்குதானா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டதற்கு, ஆமாம் என்றது. அப்படித் தீர்ப்புகளே இல்லை. 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சொன்னவரிடமே சாட்சி கேட்பதில் பயனில்லை. கல்வெட்டுத் தொகுதியையோ மலையையோதான் பார்க்க வேண்டும்.

தமிழில் கேட்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். முன்பு தமிழை அளவுக்கு மீறித் துண்டாக்கித்தான் இந்த மென்பொருள்கள் படித்தன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, 116 துண்டுகளாக உடைந்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பத்தி 35 துண்டுகளில் அடங்கியது என்று அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் எடுத்துக்காட்டியது.

கட்டுரையை எழுதித் தரச் சொல்வதற்கு முன், மாணவர்களை இதைக் கேட்கச் சொல்லலாம்: “பெருமுக்கல் மலைக்குப் போகிறோம். கோயில் குருக்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்கப் பத்துக் கேள்விகள் கொடு. பாறைக் கீறல்களைத் தொடாமல், சுண்ணாம்பு பூசாமல் பதிவுசெய்வது எப்படி என்றும் சொல்.” இந்த வேலையை அது நன்றாகவே செய்யும். பத்துக் கேள்விகளையும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆசிரியை ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகலாம்.