அத்தையின் விரல் வெடிப்பு

1990களில் எங்கள் அத்தை காசிமேட்டில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து விற்றவர். ஒரு வெயில் காலத்தில் அந்தக் கூடையை இறக்கவே ஆள் கூப்பிட ஆரம்பித்தார். பிறகு கை தலைக்கு மேலே போகவில்லை. கொண்டை போட்டுவிட என்னைக் கூப்பிடுவார். விரல் ஓரமெல்லாம் வெடித்துக் கறுத்திருந்தது. மீன் கழுவுகிற கை, ஐஸும் உப்புத் தண்ணீரும் அரித்துவிட்டது என்று நாங்கள் தேங்காய் எண்ணெய் தடவினோம்.

டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்ததில் ஒரு வருஷம் போனது. வயசு என்றார்கள், கால்சியம் என்றார்கள். ஒருவர் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. பார்க்கச் சொன்னார், எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அடுத்து ஏ.என்.ஏ. என்ற ஆன்டிபாடி சோதனை. அதில் 'நெகட்டிவ்'. அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தொடையில் சதை வெட்டிப் பார்த்த பிறகுதான் தசை அழற்சி என்று தெரிந்தது. அதற்குள் அத்தைக்கு மூச்சு வாங்கியது.

அந்த 'நெகட்டிவ்' எப்படி வந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன். ஸ்லைடில் ஒட்டிய செல்கள்மீது நோயாளியின் சீரத்தை விட்டு, மைக்ராஸ்கோப்பில் பச்சை ஒளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தேடுவது செல்லின் உட்கருவில். ஜோ-1 என்ற ஆன்டிபாடி குறிவைக்கும் என்சைமோ உட்கருவுக்கு வெளியே, புரதம் தயாராகும் இடத்தில் இருக்கிறது. நடு இருட்டாக இருக்க, சுற்றிலும் பொடிப்பொடியாக மினுங்கும். நடுவை மட்டும் பார்ப்பவர் 'இல்லை' என்றே எழுதுவார். வெடித்த விரல், நுரையீரல் பாதிப்பு, தசை பலவீனம் மூன்றும் சேர்ந்து வருவது பெரும்பாலும் இந்த ஆன்டிபாடியோடுதான். மெக்கானிக் கை என்றே அந்த வெடிப்புக்குப் பெயர்.

ஜோ-1 பற்றி 1980லேயே எழுதிவிட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்த வகை நோய்களுக்கான தனித் துறையும் அப்போதே இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே போங்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

போன வருஷம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி துணி காயப்போடக் கை தூக்க முடியாமல் நின்றாள். நான் முதலில் அவள் விரலைத்தான் பார்த்தேன். "சோப்பு ஒத்துக்கலக்கா" என்றாள். டாக்டரிடம் அந்தக் கையைக் காட்டச் சொன்னேன். அவசரத்துக்கு வெளி லேபில் ரத்தம் கொடுத்தோம்.

அங்கே சோதித்தது விரல் அகலம்கூட இல்லாத வெள்ளை ஸ்ட்ரிப்பில். அதில் ஜோ-1, எம்ஐ-2, எஸ்.ஆர்.பி., எம்.டி.ஏ.5 என்று வரிசையாகப் புரதங்கள். எதில் ஆன்டிபாடி ஒட்டுகிறதோ அங்கே கறுப்புக் கோடு விழும். மங்கலான ஒரு கோட்டை மட்டும் நம்பி நோய் என்று சொல்லிவிடக் கூடாது. ஆளையும் பார்க்க வேண்டும். ஆனால் எந்த ஆன்டிபாடி என்று தெரிந்தால் அடுத்து எங்கே தேடுவது என்பது தெரியும். எம்.டி.ஏ.5 என்றால் சி.பி.கே. சரியாக இருந்தாலும் நுரையீரல் சில வாரங்களிலேயே கெட்டுவிடலாம். டி.ஐ.எஃப்.1 காமா என்றால், பெரியவர்களுக்குப் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள்.

இவளுக்கு ஜோ-1இல் அழுத்தமான கோடு. அதே வாரம் நெஞ்சுக்கு சி.டி. எடுத்தார்கள், பாதிப்பு ஆரம்பக் கட்டத்தில் இருந்தது. இப்போது தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கி அதே மருத்துவக் கல்லூரியின் ஜி.எச்.சுக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறாள், காசில்லாமல். துணியும் அவளே காயப்போடுகிறாள். ஸ்ட்ரிப் சோதனைக்கு வைத்த கம்மல் மட்டும் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.