அந்தமானுக்கு ஒரு சிக்கனப் பயணம்

வானில் விமானம் பறந்தால் அண்ணாந்து பார்ப்பதோடு நம் ஆசை முடிந்துவிடுகிறது. அது செல்வந்தர்க்கே உரியது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் முன்கூட்டியே திட்டமிட்டால் மேல்மலையனூர்க் குடும்பங்களுக்கும் அந்தமான் எட்டாக் கனியன்று.

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்குக் கப்பலில் ஏறத்தாழ 3 நாட்கள். விமானத்தில் ஏறத்தாழ 2 மணி நேரமே. போர்ட் பிளேர் என்றிருந்த அந்நகரின் பெயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

முதலில் நாளை முடிவு செய்வோம். விமானக் கட்டணம் பேருந்துக் கட்டணம் போல் நிலையானதன்று. இருக்கைகள் நிரம்ப நிரம்ப ஏறும். ஆகவே சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வார நடுவில் புறப்பட்டால் பெரும்பாலும் செலவு குறையும். மே மூன்றாம் வாரவாக்கில் அங்கே பருவமழை தொடங்கும். எனவே ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சென்று, அதற்குள் திரும்பிவிடுதல் நலம்.

வழிச்செலவிலும் மிச்சம் பிடிக்கலாம். செஞ்சி வழியாகத் திண்டிவனம் சென்று, அங்கிருந்து ரயிலில் தாம்பரம். பின் மின்சார ரயிலில் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம்! பெட்டியை வீட்டிலேயே எடை போட்டுக்கொள்வோம். கூடுதல் எடைக்குத் தனிக் கட்டணம் உண்டு. அடையாள அட்டையை மறக்கலாகாது.

அங்கே 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை நம் விடுதலை வீரர்களின் துயரைச் சொல்லும். வண்டூரில், 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் பவளப்பாறைகளைக் காணலாம். பவளம் கல்லன்று, சிற்றுயிர்கள் கட்டிய வீடு. ஒரு துண்டும் எடுத்து வரலாகாது. அது சட்டப்படி குற்றம்.

பணம் போதவில்லையா? அடுத்த ஆண்டுக்காக இன்றே உண்டியல் வைப்போம். கடன் வாங்கிச் செல்லும் பயணம் வீடு திரும்பிய பின்னும் முடிவதில்லை.