ஏற்காட்டு மண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறது, தெரியுமா?

ஏற்காடு போனால் ஏரி, படகு, பக்கோடா பாயின்ட் என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறோம். அங்கே மிதித்து நடக்கும் மண்ணிலிருந்து அலுமினியம் எடுத்தார்கள், தெரியுமா?

சேர்வராயன் மலையின் மேல்தளத்தில் வெயிலும் மழையும் யுகயுகமாகப் பாறையை இளக்கி, கரைவதையெல்லாம் அடித்துக்கொண்டு போனபின் தங்கிய மிச்சம்தான் பாக்சைட். அதை வெட்டி மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இறக்கினார்கள். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட் வேண்டும்! 2008-இல் சுரங்க வேலை நின்றது.

மலையின் உடம்பு சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. இப்படிப்பட்ட பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர், 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுபெற்றபின் குடியேறிய ஊர் எது என்கிறீர்கள்? இதே ஏற்காடு! ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை அசத்துவது அடிவாரத்து வெள்ளைக்கல். கரும்பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும் மேக்னசைட் அது. கையில் எடுத்துப் பாருங்கள், சுண்ணாம்புக் கட்டிபோல வெளேரென்று இருக்கும். சுத்தமான மேக்னசைட்டின் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயு, தெரியுமா? காற்றில் திரிய வேண்டியது கல்லுக்குள் உறைந்து கிடக்கிறது! சூளையில் சுட்டால் வாயு வெளியேறும். மிஞ்சும் மக்னீசியா உருக சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும். எஃகு உலையின் உட்சுவருக்கு அதில் செங்கல் செய்வது அதனால்தான். இந்தக் கல்லின் பெயரில் சேலத்தில் ஒரு ரயில் நிலையமே உண்டு, மேக்னசைட் ஜங்ஷன்.

மேலிருந்து பார்த்தால் சேலத்துக்கு அப்பால் தெரிகிறதே, கஞ்சமலை? அது இரும்பு மலை. 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் நடத்திய இரும்பாலைக்குத் தாது தந்தது சேலம் சீமைதான்.

இளைஞர் மன்றத்தாரே, கல்லூரித் தம்பி தங்கைகளே, அடுத்த முறை ஏற்காடு போகும்போது புவியியல் தெரிந்த ஆசிரியர் ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்தே சுற்றுங்கள். சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். கஞ்சமலைப் பக்கமும் போய், அங்குள்ள ஓடையின் கருமணலில் வைத்தால் தெரியும் சேதி! சுரங்கப் பகுதிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நீர் தேங்கிய பழைய குழிகளில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள்.