அவையஞ்சாமை: ஒரு மாலைக் கூட்டத்தில் கண்டவை

கற்றோர் பலர், கற்றதை அவை நடுவே எடுத்துரைக்க வல்லோர் சிலர். வள்ளுவப் பெருந்தகை இதனை நன்குணர்ந்தவர். சொல்வன்மைக்கு 65ஆம் அதிகாரத்தை ஒதுக்கியதோடு அமையாது, அவையறிதல், அவையஞ்சாமை என 72, 73ஆம் அதிகாரங்களையும் அவர் வகுத்தார். அவைக்கு அஞ்சுதல் கல்லாதாரின் குறை அன்று. கற்றாரையும் பற்றி நிற்கும் நோய் என்பது அவ்வதிகாரத்தை ஊன்றிப் படிப்போர்க்கு விளங்கும்.

இந்நோயை நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். தேர்வுத்தாளில் பத்துப் பக்கம் பிழையின்றி எழுதும் மாணவர், நேர்முகத் தேர்வு அறையில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றவுடன் தம் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தபடி அமர்ந்துவிடுகிறார். அவர்தம் இல்லத்தில் கல்லூரி வாயில் மிதித்தவர் அவரே முதல்வராக இருப்பார். அந்த அறையில் அவர் இழப்பது ஒரு பணியை மட்டுமன்று.

நாமும் இந்நோய்க்கு ஆளானவரே. சிறுவனாக இருந்தபோது மீலாது விழாப் பேச்சுப் போட்டி ஒன்றில், பெரியவர் ஒருவர் எழுதித் தந்த உரையை மனப்பாடம் செய்து மேடையேறினோம். மூன்று வாக்கியம் வந்தது, நான்காவது வரவில்லை. எழுதித் தந்தவர் மேடையோரம் நின்று அடுத்த சொல்லை உரக்க எடுத்துக் கொடுத்தார். அது ஒலிபெருக்கியிலும் கேட்டது. கூட்டம் சிரித்தது. அதன்பின் எம்.ஃபில். பட்டத்திற்கான வாய்மொழித் தேர்வு வரை நாம் எந்த அவையிலும் தாமாக எழுந்து பேசியதில்லை. தமிழாசிரியர் ஒருவர் இதை எழுதுதல் நாணத்தக்கதே. எனினும் மாணவர் அறிதல் நன்று.

இத்தனைக்கும் பேச்சுக்கலைக்குப் பஞ்சமான நிலத்தில் நாம் பிறக்கவில்லை. கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையினின்றும் செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது. இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழாக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். வில்லிபுத்தூரார் பாடலைப் பாடி, அதனைப் பாமரர்க்கும் விளங்க விரித்து, இடையிடையே ஊர்ச் செய்தியும் நகைச்சுவையும் கலந்து, கையில் குறிப்பேதுமின்றிப் பிரசங்கியார் உரைப்பதைப் புளியமரத்து நிழலில் நின்று நாம் கேட்டிருக்கிறோம். முஸ்லிம் சிறுவன் என்று எவரும் விலக்கியதில்லை. 'முன்னால் வந்து உட்காரு தம்பி' என்றே சொன்னார்கள்.

பொதுமக்கள் அனைவரையும் நோக்கிப் பேசும் இக்காலச் சொற்பொழிவோ அண்மையில் தோன்றியது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணிசெய்த நாவலர், கிறித்தவப் போதகர்தம் பிரசங்க முறையைச் சைவத்திற்காகக் கையாண்டார். 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளரிடையே தமிழில் பேசியபோது, அப்பேச்சே அவர்களைச் சிறைக்கு அனுப்பும் வலிமை பெற்றிருந்தது. இவ்வரலாற்றையும் மதுரை மேடைகளையும் ஆராய்ந்து பெர்னார்ட் பேட் என்னும் அமெரிக்க அறிஞர் இரண்டு நூல்கள் தந்துள்ளார். நம்மவர் செய்திருக்க வேண்டிய பணி அது.

நம் சமுதாயத்திலும் முன்னோடிகள் உளர். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். பாட்டு முடித்தலும், கணக்கும், முதுகில் விழும் பொருளை எண்ணுதலும் என நூறு செயல்களில் ஒருங்கே மனம் வைப்பது அவதானம். கவனம் என்பதே அதன் உயிர், நாவன்மை பிறகுதான். நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயில் அவர்கள், கம்பன் கழக மேடையில் வழக்கை ஆராய்வதுபோல் காப்பியத்தை ஆராய்ந்து உரைத்த பாங்கைக் கேட்டவர் மறவார்.

ஆனால் இவையெல்லாம் வல்லார் பேச, ஏனையோர் கேட்கும் மேடைகள். தடுமாறுவோர் தடுமாறிப் பழக நமக்கு எங்கே இடம் இருக்கிறது? வெள்ளிக்கிழமைப் பயானிலும் பட்டிமன்றத்திலும் அது இல்லை. போட்டிகளிலோ பரிசுக்குரியவர் முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

அவ்விடத்தைச் சென்னையில் ஒரு மாலைப்பொழுதில் கண்டோம். நண்பர் ஒருவர் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகக் கூட்டம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். விருந்தில் கிண்ணம் உயர்த்தி வாழ்த்துரைக்க அழைப்பவரைக் குறிக்கும் பெயர் அது. பெயரைக் கண்டு பெரியோர் முகம் சுளிக்க வேண்டா. அன்று அங்குக் கிடைத்தது தேநீரும் பிஸ்கட்டுமே. ரால்ஃப் ஸ்மெட்லி என்பார் அமெரிக்காவின் சாண்டா அனா நகரில், 1924 அக்டோபர் 22 அன்று, ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் இதனைத் தொடங்கினார். 1973இல்தான் மகளிரை உறுப்பினராக ஏற்றனர் என்பது அதற்கு ஒரு குறையே. இன்று 140க்கும் மேற்பட்ட நாடுகளில் கழகங்கள் உள்ளன. சிங்கப்பூரில் தமிழிலேயே நடப்பனவும் உண்டு.

கூட்டத்தின் அமைப்பே அதன் சிறப்பு. அங்குப் பார்வையாளராக மட்டும் அமர்ந்திருப்போர் குறைவு. ஒருவர் அம்மாலையின் நெறியாளர். ஒருவர் நேரங்காப்பாளர். ஆயத்தம் செய்த உரைக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நிமிடம்: ஐந்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. முன்னறிவிப்பின்றித் தலைப்புக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் செய்யும் பகுதியும் உண்டு. ஒருவர் மொழிப்பிழையை நோக்குவார். இன்னொருவருக்கு ஒரு விந்தையான பணி: பேசுவோர் வாயில் தேவையின்றி விழும் 'ஆ', 'ம்' முதலியவற்றை எண்ணிச் சொல்லுதல். தமிழில் என்றால் 'வந்து', 'அதாவது', 'பார்த்தீங்கன்னா' ஆகியன அப்பட்டியலில் முதலிடம் பெறும். தொல்காப்பியர் இடைச்சொற்களுள் அசைநிலையையும் ஓரினமாக வைத்தார். செய்யுளில் அதற்கு இடம் உண்டு. மேடையில் இத்தனை வேண்டா.

ஒவ்வோர் உரைக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. உரையின் நிறைவைச் சொல்லி, திருந்தவேண்டிய ஓரிரண்டைச் சான்றுடன் காட்டி, மூன்று நிமிடத்திற்குள் அவர் முடிக்க வேண்டும். அம்மதிப்பீட்டாளரையும் மதிப்பிடப் பொது மதிப்பீட்டாளர் இருக்கிறார். நம் மேடைகளில் இதற்கு நேர்மாறு: எதிரில் 'பொன்மழை பொழிந்தீர்' என்போம், படியிறங்கிய பின் குறை சொல்வோம். முகத்துக்கு நேரே, மனம் நோகாமல், பயன்படும்படி குறை கூறுதல் பேச்சினும் அரிய கலை என்பதை அன்றுணர்ந்தோம். மேடையிலுள்ள பன்னிருவரைப் பட்டங்களோடு 'அவர்களே, அவர்களே' என விளித்து முடிப்பதற்குள் அங்கே பச்சை விளக்கு எரிந்துவிடும் என்பதும் மனத்தில் பட்டது.

ஊர் திரும்பியபின், அக்கழகத்தின் கிளையாக அன்றி, அதன் முறையை மட்டும் கொண்டு, கீழ்பென்னாத்தூரில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடலானோம். மாணவியர் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடிப்பது விதி. விளக்குக்குப் பதில் பழைய நாட்காட்டி அட்டைகளில் மூன்று வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டோம்.

ஒருநாள் ஜமாஅத் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். வாழ்த்துரைக்க ஐந்து நிமிடம் தந்தோம். அவர் பேச்சைத் தொடங்கினால் இஷா பாங்கு வரை நிறுத்தமாட்டார் என்பது ஊரறிந்தது. ஐந்தாம் நிமிடம் முடிந்ததும் முதலாமாண்டு மாணவன் ஒருவன் நடுங்கும் கையால் சிவப்பு அட்டையைத் தூக்கினான். அவை மூச்சடக்கி இருந்தது. பெரியவர் அவனை நோக்கினார். வாக்கியத்தைப் பாதியில் விட்டு அமர்ந்தார். 'தம்பி, அட்டையைக் கீழே வை, நான்தான் உட்கார்ந்துவிட்டேனே' என்றார். அவர்மேல் நமக்கிருந்த மதிப்பு அன்று இருமடங்காயிற்று.

மூன்றாமாண்டு மாணவி ஒருவர் முதல் வாரம் 'மழை' என்னும் தலைப்பில் எழுந்து, ஒரு நிமிடம் முழுதும் ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். மதிப்பிட வேண்டியவர் அவரினும் இளையவர். என்ன சொல்வாரோ என நாம் அஞ்சினோம். 'அக்கா ஒரு நிமிடமும் இறங்கிப் போகாமல் நின்றார். இருமுறை எங்களை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வாரம் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும்' என்றார் அவர். சிறுவயதில் நமக்கு இத்தகைய மதிப்பீட்டாளர் வாய்த்திலரே என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்த வாரம் அம்மாணவி வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார். 'உங்கள் வீட்டு வேலை' என்று தலைப்பு விழுந்தது. மல்லாட்டை பிடுங்கும் நாளில் விடியுமுன் கொல்லைக்குப் போவது, ஈரமண் நகக்கண்ணில் ஏறுவது, உரித்த பயறை அளந்து கூலி வாங்குவது எனத் தொடங்கியவர், மஞ்சள் அட்டை உயரும்வரை நிறுத்தவில்லை. பின்னர் அசைச்சொல் எண்ணியவர் எழுந்து, 'வந்து: பதினொன்று' என அறிவித்தார். முதலில் சிரித்தவர் அம்மாணவியே.