டீ ஆறுவதற்குள் ஒரு காசு

சீட்டுக்கட்டோடு ஆரம்பிக்காதீர்கள். கட்டைப் பார்த்ததுமே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இவனிடம் ஏமாறக் கூடாது என்று உங்கள் கையையே முறைக்கத் தொடங்குவார். காசு அப்படியில்லை. "அண்ணே, பத்து ரூபாய் காசு இருக்கா?" என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள். 27 மில்லிமீட்டர் அகலம், பிடிக்க வாகான அளவு. பல கடைகளில் வாங்க மறுக்கிற காசுக்கு இப்படியாவது ஒரு மரியாதை கிடைக்கட்டும்.

வித்தையின் பெயர் பிரெஞ்ச் டிராப். 1876-ல் வெளிவந்த 'மாடர்ன் மேஜிக்' புத்தகத்திலேயே புரொபசர் ஹாஃப்மன் இதை விளக்கியிருக்கிறார். (அவர் புரொபசரும் இல்லை, ஹாஃப்மனும் இல்லை; ஏஞ்சலோ லூயிஸ் என்ற வக்கீல். புனைபெயரிலேயே ஒரு வித்தை!)

இடது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். காசைக் கட்டைவிரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் இடையே, ஓரங்களை மட்டும் தொட்டு, தட்டுப்போலக் கிடையாகப் பிடியுங்கள். மற்ற விரல்கள் சந்து விடாமல் ஒட்டியிருக்க வேண்டும். எதிராளியின் கண்ணுக்கு அதுதான் வேலி. இப்போது வலது கை காசை எடுக்க வருகிறது. அதன் கட்டைவிரல் காசுக்கு அடியில் நுழைகிறது, மற்ற நான்கும் மேலிருந்து மூடுகின்றன. மூடிய அந்த நொடியில் இடது கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், காசு தானாக இடது விரல்களின் அடிமடிப்பில் விழுந்து படுத்துக்கொள்ளும். வலது கை எதையோ பிடித்ததுபோல மூடிக்கொண்டு விலகிப் போகிறது.

கை பழக ஒரு சாயங்காலம் போதும். கண்தான் படுத்தும். காசை விட்டதும் இடது கையை ஒருமுறை திருட்டுத்தனமாகப் பார்க்காமல் இருக்க முடியாது நமக்கு. 2006-ல் கஸ்டவ் குன், மைக்கேல் லேண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை எறிவதாகப் பாவனை மட்டும் செய்வது. வித்தைக்காரர் இல்லாத பந்தை அண்ணாந்து பார்த்தபோது, பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் பந்து மேலே போனதாகவே நம்பினார்கள். அவர் தன் கையைப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உங்கள் பார்வை வலது முஷ்டியோடு போகட்டும். முதலில் கண்ணாடி முன் பத்துத் தடவை நிஜமாகவே காசை எடுத்துப் பாருங்கள்: முஷ்டி எவ்வளவு இறுகுகிறது, தோள் எப்படித் திரும்புகிறது. பிறகு அதையே பொய்யாகச் செய்யுங்கள்.

இடது கை விறைத்து நின்றால் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் ஒரு வேலை வேண்டும். நான் ஒருமுறை அந்தக் கையாலேயே டீ கிளாஸை எடுக்கப்போய், காசு 'டிங்' என்றது. அக்கா மகன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் 'டிங்' என்கிறான். அன்றிலிருந்து ஸ்பூன்தான். ஸ்பூனை எடுத்து வலது முஷ்டியை லேசாகத் தட்டி, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்.

"இன்னொரு தடவை" என்பார். செய்யாதீர்கள். ஸ்பூனை வைத்துவிட்டு அதே இடது கையைச் சாசருக்கு அடியில் விட்டு, காசை அங்கிருந்து எடுப்பதுபோல் எடுத்து அவரிடமே கொடுங்கள். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள்.